இரண்டு கிளாஸிலும் தண்ணீர்

எங்கள் அக்ரா நகரத்துக்குத் தொண்டு செய்யவென்று வரும் வெளிநாட்டுக்காரர்களைக் கட்டி மேய்ப்பதுதான் என் வேலை. விமான நிலையத்தில் பெயர் எழுதிய அட்டையோடு நிற்பேன். டெஷி என்கிற மீனவர் பேட்டையில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் என் வீட்டு மாடியில் தங்கவைப்பேன். காலையில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவேன். மிளகாய்த் துவையல் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பேன். இரண்டு மாதம் கழித்து அவர்கள் அழுதுகொண்டே விமானம் ஏறும்போது நானும் கூடச் சேர்ந்து அழுவேன். அந்த அழுகையில் பாதி நிஜம்.

பொய் சொல்லத் தெரியாதவள் இந்த வேலையில் ஒரு வாரம் தாங்கமாட்டாள். பள்ளிக்கூடத்து முன்சுவருக்கு மட்டும் இதுவரை பதினோரு தடவை பெயிண்ட் அடித்தாகிவிட்டது. ஒவ்வொரு கூட்டம் வருவதற்கு முன்னாலும் வாட்ச்மேன் குவேயிடம் சொல்லிச் சுவரில் கரியும் சேறும் பூசவைப்பேன். வந்தவர்கள் அதைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். மறுநாளே பிரஷ்ஷும் கையுமாக நிற்பார்கள். பிள்ளைகள் கை தட்டும், போட்டோ எடுப்பார்கள், ஊருக்கு அனுப்புவார்கள். இதில் யாருக்கு என்ன குடி முழுகிப் போயிற்று என்றுதான் பன்னிரண்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். என் பெயர் ஒடார்லே. தெருவில் எல்லோருக்கும் ஒடார்லே ஆன்ட்டி.

சுவர் விஷயத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். லாமிலே விஷயத்தை நினைத்தால் வராது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

லாமிலே என் சித்தி மகள் அமோர்கோரின் பெண். அமோர்கோர் கடற்கரையில் மீனுக்குப் புகை போடுகிறவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் ஒரு வார்த்தை, அதுவும் சுருக்கென்று தைக்கும். எங்கள் கா ஜனங்களின் வழக்கத்தில் பிறந்த பிள்ளை ஏழு நாளைக்கு விருந்தாளிதான்; தங்குமா, கிளம்பிவிடுமா என்று யாருக்கும் தெரியாது. எட்டாம் நாள் விடியற்காலையில்தான் வெளியே கொண்டுவந்து பனி படவைத்துப் பெயர் வைப்போம். அப்போது யார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார்களோ, அவர்களுடைய குணம்தான் பிள்ளைக்கு வரும். அதனால் போகிற வருகிறவர் கையிலெல்லாம் கொடுத்துவிடமாட்டார்கள். யார் நல்ல மாதிரி, யாருடைய வாய் சுத்தம் என்று குடும்பமே உட்கார்ந்து பேசித்தான் ஆளை முடிவு செய்யும். தூக்கியவர் பிள்ளையின் நாக்கில் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, 'தண்ணீரைத் தண்ணீர் என்று சொல்' என்பார். பிறகு ஒரு சொட்டு ஜின் சாராயம் வைத்து, 'ஜின்னை ஜின் என்று சொல்' என்பார். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வாழ்நாள் முழுக்க மாற்றிப் பேசாதே என்று அர்த்தம்.

லாமிலேயைத் தூக்க என்னைத்தான் கேட்டார்கள். வேறு யாரைக் கேட்பார்கள்? குடும்பத்தில் மாடி வீடு கட்டியவள் நான். இங்கிலீஷ் பேசுகிறவள் நான். வெள்ளைக்காரர்கள் வந்து கட்டிப்பிடித்துக்கொள்கிறவளும் நான். அமோர்கோரே வந்து, "நீ தூக்குக்கா. அவ உன்ன மாதிரி வரணும்" என்றாள். எனக்குப் பெருமையில் கால் தரையில் பாவவில்லை. வெள்ளைத் துணி புதிதாக எடுத்து உடுத்திக்கொண்டு போய்த் தூக்கினேன். இரண்டு சொட்டும் வைத்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

மூன்றே வாரம். அதே பிள்ளையை இரவல் கேட்டு அவள் வாசலில் போய் நின்றேன்.

அந்தச் சமயம் மாடியில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். ஸ்லோவேனியாவிலிருந்து வந்தவள், பெயர் வெஸ்னா, நாற்பத்தெட்டு வயது. ஆட்களை அனுப்பிவைக்கிற எங்கள் அமைப்பு அச்சடித்துக் கொடுக்கிற தாளில் 'இரண்டாம் வாரம்: குழந்தைக்குப் பெயர் சூட்டும் சடங்கில் பங்கேற்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு என்ன, பிள்ளை என்ன இவன் போட்ட தேதிக்கா பிறக்கும்? டெஷி முழுக்க விசாரித்தேன். ஒரே ஒரு வீட்டில்தான் அந்த வாரம் பிரசவம். அங்கே கேட்டதற்கு, வேடிக்கை பார்க்க இது என்ன சர்க்கஸா என்று கதவைச் சாத்திவிட்டார்கள். வெஸ்னாவோ தினமும் காலையில், சடங்கு என்றைக்கு என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் சாப்பிடவே உட்காருவாள்.

அமோர்கோர் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு புள்ளைக்கு ரெண்டு தடவையாக்கா பேர் வைப்பாங்க?"

"பேர் வைக்கிறது இல்லடி இது. சும்மா போட்டோவுக்கு. ஜின்கூட ஊத்தப் போறதில்ல, ரெண்டு கிளாஸ்லயும் தண்ணிதான். வெறும் தண்ணிய வெச்சா அது எப்படி சடங்காகும், நீயே சொல்லு."

 அவள் முதுகில் கட்டியிருந்த பிள்ளையை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். "நீ தூக்கின புள்ள. நீயே வந்து கேக்கறப்ப நான் என்னத்தச் சொல்ல" என்றாள். அது குத்திக் காட்டியது என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் என் வீட்டு முற்றத்திலேயே நடத்தினேன். கெங்கி என்கிற புளித்த சோள உருண்டையும் பொரித்த மீனும் உண்டு என்று சொல்லி அக்கம்பக்கத்தில் எட்டுப் பேரை வெள்ளை உடுத்தி வரச் செய்தேன். வாட்ச்மேன் குவேய் கையில் ஒரு தடியைக் கொடுத்துக் குடும்பத்துப் பெரியவராக்கினேன். வெஸ்னா ஓரமாக நின்று பார்ப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் எனக்கு ஒன்றை ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அவள் கண் கலங்கி நின்றதைப் பார்த்ததும் ஒரு வேகம் வந்துவிட்டது. நேராகப் போய் பிள்ளையை அவள் கையிலேயே வைத்தேன். தூக்குகிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று வழக்கத்தை விளக்கினேன். இவளுக்கு உங்கள் பெயரைத்தான் வைக்கப் போகிறோம், வெஸ்னா என்று வாயில் வந்ததை அடித்துவிட்டேன்.

அவள் பிள்ளையை என் பக்கமே நீட்டினாள். என் குணம் வேண்டாம், வேறு யாரையாவது தூக்கச் சொல்லுங்கள் என்றாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். "உங்கள விட நல்லவங்களுக்கு நாங்க எங்க போவோம்?" என்று சொல்லி விரலைப் பிடித்துக் கிளாஸில் தோய்த்துவிட்டேன். தண்ணீரைத் தண்ணீர் என்று சொல் என்றாள். அடுத்த கிளாஸில் இருந்த தண்ணீரையும் தொட்டு நாக்கில் வைத்து, ஜின்னை ஜின் என்று சொல் என்றாள். குவேய் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். அமோர்கோர் வாசல் கேட்டுப் பக்கம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று முழுக்க வெஸ்னா அறையை விட்டு வெளியே வரவில்லை. இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் பாக்கி இருக்கும்போதே அடுத்த வாரம் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டாள். குட்டு உடைந்துவிட்டது, அலுவலகத்துக்குப் புகார் எழுதப் போகிறாள் என்று பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. புகார் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வருஷம் கழித்து அதே தேதிக்கு ஒரு பார்சல் வந்தது. சின்னக் காலுக்கு ஒரு ஜோடி ஷூ, ஒரு கவுன், 'என் பெயர்க்காரிக்கு' என்று எழுதிய அட்டை. அதற்கப்புறம் வருஷம் தவறாமல் வந்தது. அமோர்கோர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிப் பிள்ளைக்குப் போட்டுவிடுவாள். நான் போட்டோ எடுத்து, உங்கள் வெஸ்னா வளர்ந்துவிட்டாள் என்று எழுதி அனுப்புவேன். அதில் எனக்கு ஒரு சின்ன உறுத்தல்கூட இருந்ததில்லை. அதைச் சொல்லத்தான் இப்போது நாக்கு கூசுகிறது.

லாமிலேக்கு ஆறு வயது முடிந்து சில நாள் ஆனபோது வெஸ்னாவிடமிருந்து போனில் செய்தி வந்தது. சனிக்கிழமை வருகிறேன், தொண்டுக்கு இல்லை, ஒரு வாரம் என் பெயர்க்காரியோடு இருந்துவிட்டுப் போக என்று எழுதியிருந்தாள்.  ஆறு வருஷப் பொய்யை ஒரு வாரத்துக்கு உயிரோடு நடமாட விட வேண்டும். வெஸ்னாவுக்குத் தெரிந்தால் அலுவலகத்துக்குத் தெரியும். அலுவலகத்துக்குத் தெரிந்தால் என் மாடி காலி. இதைத்தான் நான் யோசித்தேன். இதை மட்டும்தான் யோசித்தேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் லாமிலேயைக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். அவள் நோட்டுகளுக்கெல்லாம் புது அட்டை போட்டு, மேலே வெஸ்னா என்று எழுதினேன்.

"உன்ன வெஸ்னான்னு கூப்பிட்டா என்னன்னு கேக்கணும், சரியா?"

"என் பேரு லாமிலேதானே, பெரியம்மா?"

"இந்த ஒரு வாரம் மட்டும் உனக்கு ரெண்டு பேரு."

அவள் யோசித்தாள். "அப்ப பொய்யா?"

"பொய் இல்லடி, விளையாட்டு" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயந்தரத்துக்குள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். தெருவிலும் சொல்லிவைத்தேன். ஒடார்லே ஆன்ட்டி மறுபடி நாடகம் போடுகிறாள் என்று எல்லோரும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள்.

வெஸ்னா இளைத்து, தலை முழுக்க நரைத்து வந்து இறங்கினாள். வந்தவர்களை என்ன சேதி என்று கேட்பதற்கு முன்னால் குடிக்கத் தண்ணீர் கொடுப்பது எங்கள் வழக்கம். கொடுத்தேன். கிளாஸைக் கையில் வாங்கிப் பார்த்து, "தண்ணி" என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் குடித்தாள். 

லாமிலே போன வருஷத்து ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இங்கிலீஷ் அவளுக்குச் சரளமாக வரும். மாடிக்கு வருகிறவர்கள் மடியில் வளர்ந்தவள்தானே. அன்று சாயந்தரம் மூன்று பேரும் கடற்கரைப் பக்கம் நடந்தோம். நான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன், கெங்கி விற்கிற கிழவியிடம் மட்டும் மறந்துவிட்டேன். அவள் தட்டுக்குப் பின்னாலிருந்து, "லாமிலே, உங்கம்மா எங்கடி, மீன் கொண்டாரேன்னு போனாளே" என்று சத்தம் போட்டாள். கா மொழி தெரியாவிட்டாலும் அந்தப் பெயர் காதில் விழுந்து வெஸ்னா நின்றுவிட்டாள். 

லாமிலே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "லாமிலே என்கூடப் படிக்கிற பொண்ணு" என்றாள் வெஸ்னாவிடம். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. எல்லாரும் மாத்தி மாத்திதான் கூப்பிடுவாங்க. நான் பழகிட்டேன்."

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தியமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த நிமிஷம் எனக்கு அவளைத் தூக்கி முத்தம் கொடுக்கத் தோன்றியது. என்ன கெட்டிக்காரி பார் என்று பூரித்துப்போனேன். அதை இன்று நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் முற்றத்தில் உட்கார்ந்து மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தேன். வெஸ்னா ஒரு முக்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், அதற்காகவும்தான் வந்தேன் என்று ஆரம்பித்தாள்.

ஊரில் அவள் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்தவள். ஒரு நாள் பணி நேரத்தில் தூங்கிவிட்டிருக்கிறாள். ஒரு கிழவர் கழிப்பறையில் விழுந்து இடுப்பு ஒடிந்து, ஐந்து மணி நேரம் யாரும் வராமல் தரையிலேயே கிடந்திருக்கிறார். விசாரணையில், அப்போது பணியிலிருந்தது தான் இல்லை, இன்னொரு பெண் என்று இவள் எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் பிழைக்க வந்த வேற்று நாட்டுக்காரி, மொழி சரியாகத் தெரியாதவள். அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். வெஸ்னாவுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. எங்கேயாவது போய் நாலு பேருக்கு நல்லது செய்தால் ஆறும் என்று பணத்தைக் கட்டி இங்கே கிளம்பி வந்திருக்கிறாள்.

"நீங்க அந்தக் குழந்தைய என் கையில வெச்சீங்க" என்றாள். "என் குணம் அவளுக்கு வரும்னு சொன்னீங்க. நான் யாருன்னு எனக்குத் தெரியும் ஒடார்லே. இந்தப் புள்ள என்ன மாதிரி ஆயிடக் கூடாதுன்னு பயந்துட்டேன். அதான் பாதியிலேயே ஓடினேன்."

ஊருக்குப் போனதும் நேராக இல்லத்துக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். வேலை போயிற்று. கிழவரின் மகன் தெருவில் வைத்து மூஞ்சியில் துப்பினானாம். அந்த இன்னொரு பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். வெஸ்னா இப்போது ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறாள்.

"ஆறு வருஷமா வாயத் திறக்கறதுக்கு முன்னாடி உங்க ரெண்டு கிளாஸும் ஞாபகத்துக்கு வரும். எனக்குப் பின்னால ஒருத்தி நடந்து வர்றா, பாத்து நடன்னு சொல்லிக்குவேன். ஒரு பொய் சொல்லல ஒடார்லே. நீங்கதான் எனக்கு அதக் கொடுத்தீங்க."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் மீன் செதில். பூமி பிளந்தால் அப்படியே உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாம் ஆண்டவன் செயல் என்றேன். இடுப்புத் துணி நுனியால் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டேன்.

சாயந்தரம் அமோர்கோர் புகை போட்ட மீனைக் கொண்டுவந்து சமையலறையில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்பருகே இருந்தேன். வெளியே வெஸ்னா லாமிலேக்குச் சடை பின்னிவிட்டுக்கொண்டே, உனக்கு யார் பெயர் வைத்தார்கள் என்று தெரியுமா என்று கேட்டது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"நீங்கதான்" என்றாள் லாமிலே. நான் சொல்லிக்கொடுத்தது அதோடு முடிந்தது. ஆனால் அவள் நிறுத்தவில்லை. "தினம் காலைல அம்மா உங்க போட்டோவக் காட்டுவாங்க. நான் கும்பிட்டுட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்து சாகக் கிடந்தேன். டாக்டர்கூட கைய விரிச்சிட்டார். அப்ப உங்க பேரச் சொல்லிச் சொல்லி அழுதேன். மறுநாளே சரியாயிடுச்சு."

அவளுக்குக் காய்ச்சல் வந்ததே இல்லை. அமோர்கோர் வீட்டில் வெஸ்னாவின் போட்டோ கிடையாது. குரல் தழுதழுக்க, நடுவில் ஒரு விம்மல் வேறு வைத்து அந்த ஆறு வயசுப் பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கண்ணைத் தாழ்த்த வேண்டும் என்பது உட்பட அத்தனையும் எனக்குத் தெரிந்ததாக இருந்தது. விமான நிலையத்தில் வழியனுப்பும்போது நான் அப்படித்தான் பேசுவேன். வெஸ்னா அவளை இறுக்கிக்கொண்டு விசித்து விசித்து அழுதாள்.

அடுத்த நிமிஷம் லாமிலே சமையலறைக்குள் ஓடிவந்தாள். கன்னத்தில் கண்ணீர் இன்னும் காயவில்லை. கண்ணில் ஒரே குறும்பு.

"பெரியம்மா, நல்லா சொன்னேனா?"

 அமோர்கோர் மீன் அடுக்குவதை நிறுத்தினாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"நீதானேக்கா தூக்கின. அப்படியே உன்ன உரிச்சு வெச்சிருக்கா."

மறுநாள் பொழுது விடிந்ததும் குவேயிடமிருந்து கொஞ்சம் ஜின் வாங்கிக்கொண்டேன். அமோர்கோரையும் வரச்சொன்னேன். முன்னறையில் மேஜைமேல் இரண்டு கிளாஸை வைத்து, ஒன்றில் தண்ணீரும் ஒன்றில் ஜின்னும் ஊற்றினேன். வெஸ்னா லாமிலேயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிளாஸ்களைப் பார்த்ததும் ஏதோ சடங்கு என்று சந்தோஷமாக நிமிர்ந்தாள். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. நின்றுகொண்டேதான் சொன்னேன்.

"அன்னிக்கு ரெண்டு கிளாஸ்லயும் தண்ணிதான் வெஸ்னா."

அவளுக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். இவளுக்கு அதற்கு மூன்று வாரம் முன்பே பெயர் வைத்தாகிவிட்டது, இவள் பெயர் லாமிலே, அச்சடித்த தாளில் போட்டிருந்ததற்காக உங்களை வைத்து நாடகம் போட்டேன், போட்டோவில் எழுதி அனுப்பியதெல்லாம் பொய் என்று ஒன்று விடாமல் சொன்னேன். இங்கிலீஷ் எனக்கு அன்றைக்குத் திக்கியது.

வெஸ்னா மடியிலிருந்த பிள்ளையைக் குனிந்து பார்த்தாள். "அப்ப இவளத் தூக்கினது யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான்."

லாமிலே எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ தப்பாகிவிட்டது, பெரியம்மா தடுமாறுகிறாள், காப்பாற்ற வேண்டும் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். வெஸ்னாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"பெரியம்மா விளையாடுறாங்க. அவங்க எப்பவும் இப்படித்தான், வந்தவங்களச் சிரிக்க வைக்கப் பொய் சொல்லுவாங்க. நம்பாதீங்க. என் பேரு வெஸ்னா."

வெஸ்னா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், அமோர்கோரைப் பார்த்தாள். அமோர்கோர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் போட்ட முடிச்சை நான்தான் அவிழ்க்க வேண்டும் என்று விட்டுவிட்டாள். பிள்ளை சொல்வதை நம்பத்தான் வெஸ்னாவுக்கு ஆசை, அது முகத்திலேயே தெரிந்தது. அந்த நேரத்தில் நான் ஒரு சிரிப்புச் சிரித்து, பார்த்தீர்களா, எப்படிப் பயந்துவிட்டீர்கள் என்று சொல்லியிருந்தால் போதும், எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. பன்னிரண்டு வருஷப் பழக்கம், வராமல் என்ன செய்யும்? விழுங்கினேன். "அவ லாமிலே" என்று மறுபடியும் சொன்னேன்.

வெஸ்னா ஜின் கிளாஸை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தாள். லாமிலேயின் விரலைப் பிடித்து அதில் தோய்த்து நாக்கில் வைக்கச் சொன்னாள். "இது என்னம்மா?" என்று கேட்டாள்.

வாசனை அறை முழுக்க அடித்தது. மூக்கு இருக்கிற யாருக்கும் அது என்னவென்று தெரியும். லாமிலே விரலை நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்தவள் நிறுத்திவிட்டு, கிளாஸை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

நான் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் என் முகத்திலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.  பின்னாலிருந்து லாமிலேயின் குரல் கேட்டது, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கா மொழியில் ரகசியமாகக் கேட்டாள்.

"என்ன சொல்லணும், பெரியம்மா?"

வெஸ்னாவுக்கு எங்கள் மொழி தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி அவளுக்கும் விளங்கிவிட்டது. பிள்ளையை மடியிலிருந்து இறக்கி நிற்கவைக்கிற சத்தமும், கிளாஸை மேஜையில் வைக்கிற சத்தமும் கேட்டன.

"நீங்க சொன்னது நிஜம்தான் ஒடார்லே" என்றாள்.

நான் உண்மை சொன்னேன் என்று என் வாழ்க்கையில் ஒருத்தர் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. அவள் எழுந்து மாடிக்குப் போய்ப் பெட்டியை இழுக்கிற சத்தம் வரும்வரைக்கும் சுவரிலிருந்து என் முகத்தைத் திருப்ப முடியவில்லை.